22 ஆயிரத்துக்கு 140 டன்: கார்பன் கிரெடிட் வாங்குவதா, மோட்டாரை மாற்றுவதா?

நூல்கண்டு (திருப்பூர்)

எங்களுடையது 80 பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) ஓடுகிற பனியன் கம்பெனி. கணக்கு வழக்கு என் பொறுப்பு, முடிவெடுப்பது பெரியப்பா. ஜெர்மனிக்காரர் ஒருவருக்கு ஆறு வருடமாகக் குழந்தை உடுப்பு தைத்து அனுப்புகிறோம். போன மாதம் அவரிடமிருந்து ஒரு படிவம் வந்தது. வருடத்துக்கு எவ்வளவு கார்பன் வெளியிடுகிறீர்கள், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல், வேன் எல்லாவற்றையும் கூட்டியதில், சாயப்பட்டறையைச் சேர்க்காமல், எங்கள் கூரைக்குக் கீழே மட்டும் 140 டன் வந்தது.

எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, அடுத்த வாரமே ஒரு ஏஜென்சிக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். நாம் விடுகிற புகைக்கு ஈடாக, வேறெங்கோ ஒருவர் குறைத்த புகையை விலைக்கு வாங்கிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாமாம். இதற்கு ஆஃப்செட் என்று பெயர், வாங்குகிற சீட்டு கார்பன் கிரெடிட். கையில் மூன்று ரேட் வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் காற்றாலை டன் 160 ரூபாய், ஆப்பிரிக்காவில் புகை குறைந்த அடுப்பு 400, காட்டை வெட்டாமல் காப்பது 700. காற்றாலையை எடுத்தால் 140 டன்னுக்கு 22,400 ரூபாய். பணம் கட்டிய மறுநாள் சான்றிதழ் மெயிலில் வரும் என்றார். பெரியப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் மெஷின்களில் இருப்பது எல்லாம் பழைய கிளட்ச் மோட்டார். காலை டீ பிரேக்கில் எல்லோரும் எழுந்து போன பிறகு லைனில் நின்று பாருங்கள். தைக்க ஆளே இல்லாமல் எண்பது மெஷினும் உறுமிக்கொண்டிருக்கும். கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும், பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் சுற்றும். ஒன்று 5,000 ரூபாய், எண்பதுக்கு 4 லட்சம். மெக்கானிக் கணக்குப்படி மெஷினுக்கு வருடம் 500 யூனிட் மிச்சமாகும். மொத்தம் 40,000 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று பிடித்தால் 28 டன்.

பருவநிலைக்கு என்று செலவழிக்கிற காசு நம்ம ஊரிலேயே, நம்ம கம்பெனியிலேயே நிற்கட்டும் என்பது என் கட்சி. பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது?

தணிக்கைத்தாள் (கோவை)

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாராவது கண்டுபிடித்துக் குத்திக்காட்ட வேண்டாம். 2006 முதல் 2012 வரை கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தின் சிடிஎம் திட்டத்துக்கு ஆவணம் எழுதுவதுதான் என் பிழைப்பு. நம்மைப் போன்ற நாடுகளில் குறைத்த புகையைக் கிரெடிட்டாக்கிப் பணக்கார நாடுகளுக்கு விற்கிற ஏற்பாடு அது. இந்த ஆஃப்செட் வியாபாரத்தில் சாப்பிட்டவன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 22 ஆயிரம் போட்டால் 140 டன், 4 லட்சம் போட்டால் 28 டன். காற்றுக்குப் பின்கோடு கிடையாது தம்பி. திருப்பூரில் குறைந்தாலும் திருநெல்வேலியில் குறைந்தாலும் வானத்துக்கு ஒன்றுதான். குறைந்த காசில் எங்கே அதிகம் குறைகிறதோ அங்கே போடுவதுதான் புத்தி.

சர்வோ மோட்டார் உங்களுக்கு லாபம். யூனிட் எட்டு ரூபாய் என்றால் வருடம் 3,20,000 மிச்சம், பதினைந்து மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அது வியாபாரம். நல்ல வியாபாரம், செய்யுங்கள். ஆனால் அதைப் பருவநிலைச் செலவு என்று தர்மக் கணக்கில் எழுதாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நம் காசு நம் ஊரில்' என்பது கேட்க இனிக்கும். 2005-இல் கியோட்டோ ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு, நம் தமிழ்நாட்டு நூற்பாலைகள் சங்கமே ஆலைக்காரர்களின் காற்றாலைகளை ஒரே கட்டாகக் கட்டிச் சிடிஎம்மில் பதிவு செய்தது. யூரோ வந்தது. அன்றைக்கு ஐரோப்பாவில் இருக்கிறவர்கள் 'எங்கள் காசு எங்கள் ஊரிலேயே சுற்றட்டும்' என்று சொல்லியிருந்தால்? வாங்குகிற கையாக இருந்தபோது இனித்தது, கொடுக்கிற கையாக மாறினால் கசக்கிறதா?

ராதாபுரத்தான்

தணிக்கைத்தாள் ஐயா, நீங்கள் சொல்கிற அந்தக் காற்றாலைக்குக் கீழே வளர்ந்தவன் நான். யூரோ யாருக்கு வந்தது என்று கொஞ்சம் பேசலாமா?

தொண்ணூறுகளில் எங்கள் அப்பா மூன்று ஏக்கர் விற்றார். வானம் பார்த்த பூமி, உடைமரமும் பனையும். சென்ட் கணக்கில் சொற்ப விலை. வாங்கிய கம்பெனிக்காரர் 'உங்க மகனுக்கு வேலை உண்டு' என்றார். கிடைத்தது அப்பாவுக்கு, அதே நிலத்தில் வாட்ச்மேன் வேலை. ஆடிக் காற்றில் தகரக் கூரை பறக்காமல் இருக்க அதன்மேல் கல் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல். இறக்கை சுற்றுகிற சத்தத்தில் ஆள் வருவது கேட்காது, அதனால் ஒரு நாய் வளர்த்தார். காற்றாலையால் எங்கள் குடும்பத்துக்கு வந்த சொத்து அந்த நாய்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காற்றாலைகளை ஆலைக்காரர்கள் எதற்காக நட்டார்கள்? கார்பன் காசுக்காகவா? வருமான வரியில் தேய்மானக் கழிவு இருந்தது, அதாவது காற்றாலைக்குப் போட்ட காசை லாபத்தில் கழித்துக் காட்டி வரியைக் குறைக்கலாம். தொண்ணூறுகளில் முதல் வருடமே 100 சதவீதம், பிறகு 80. ஒரு கோடி லாபம் வந்தால் ஆடிட்டர் சொல்கிற முதல் வார்த்தையே 'ஒரு காத்தாடி நடுங்க' என்பதுதான். போதாததற்கு ஆலைக்குச் சொந்தக் கரண்ட். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசுகிற காற்று வேறு எங்கே கிடைக்கும்? கிரெடிட் வராவிட்டாலும் அந்தக் கோபுரம் அங்கே நின்றிருக்கும். நின்றிருக்கும் என்றால் என்ன குறைந்தது? 160 ரூபாய்க்கு நூல்கண்டு எதை வாங்குகிறார்?

கொசுறு (சென்னை)

நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, பந்தலும் போட்டாயிற்று. கடைசி நாளில் ஒருத்தர் வந்து 'நான் மொய் வைத்தால்தான் இந்தக் கல்யாணமே நடக்கும்' என்று எழுதி வாங்கிக்கொள்கிறார். அந்தக் காகிதத்தை இன்னொருத்தருக்கு விற்கிறார். இவ்வளவுதானே சார் ஆஃப்செட்?

தணிக்கைத்தாள் (கோவை)

கொசுறு, சிரித்துவிட்டேன். ஆமாம், காற்றாலை விஷயத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான். மறைக்கவில்லை. 'இந்தக் காசு வராவிட்டால் திட்டமே நடக்காது' என்று நிரூபிக்கிற அத்தியாயம்தான் ஆவணத்தில் எங்களுக்கு உயிர். அதற்குள் வட்டி விகிதத்தை அரை சதவீதம் அப்படி இப்படி நகர்த்தினால் லாபத் திட்டம் நஷ்டத் திட்டமாகிவிடும். 2016-இல் ஐரோப்பிய ஆணையத்துக்காக ஜெர்மனியின் ஓகோ இன்ஸ்டிடியூட் செய்த ஆய்வு, சிடிஎம் திட்டங்களில் 85 சதவீதம் உண்மையிலேயே கூடுதலாகக் குறைத்திருக்க வாய்ப்பு குறைவு என்றது. அதற்குள் கடையையே மூடியாகிவிட்டது. 2008-இல் டன் 20 யூரோவுக்குப் போன கிரெடிட் 2012 கடைசியில் ஒரு யூரோகூடப் போகவில்லை. விலை ஏறட்டும் என்று வைத்திருந்தவர்கள் கையில் காகிதம்தான் மிச்சம்.

அதற்காக மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? காசு கொடுக்காவிட்டால் யாருமே செய்யாத வேலைகளும் உண்டு. குளிர்சாதன வாயு தயாரிக்கிற ஆலைகளில் எச்எஃப்சி-23 என்று ஒரு கழிவு வாயு வரும். சிடிஎம் கணக்கில் அதில் ஒரு டன், 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதை எரித்தால் கம்பெனிக்கு ஒரு பைசா லாபமில்லை. காசு வந்தது, எரித்தார்கள். இதில் எந்தக் கல்யாணத்துக்கு யார் மொய் வைத்தார்கள்?

ரைன்கரை (டுசல்டார்ஃப்)

எச்எஃப்சி-23 கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே! கழிவை எரிப்பதில் வருகிற காசு, சரக்கை விற்பதில் வருகிற காசைத் தாண்டிவிட்டது. கழிவுக்காகவே சரக்கு தயாரிக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்து, 2013 மே முதல் அந்தக் கிரெடிட்டை இங்கே ஐரோப்பியச் சந்தையில் செல்லாது என்று ஆக்கினார்கள். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2016 அக்டோபரில், இந்த மாதிரி வாயுக்களைக் குறைப்பதைப் பேசிய கிகாலி மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, இந்திய அரசு ஓர் உத்தரவு போட்டது: அந்த வாயுவைக் கம்பெனிகள் சொந்தச் செலவில் எரித்தே ஆக வேண்டும். 'காசு கொடுத்தால்தான் நடக்கும்' என்று நீங்கள் சொன்ன வேலையை ஓர் உத்தரவு செய்துவிட்டது.

நான் இங்கே பதினைந்து வருடமாக இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் விமான டிக்கெட்டோடு ஆஃப்செட்டுக்காகச் சில யூரோ சேர்த்துக் கட்டி மனசை ஆற்றிக்கொண்டவன். 2023 ஜனவரியில் இங்கத்திய 'டி ட்சைட்' இதழும் லண்டன் 'கார்டியன்' நாளிதழும் மழைக்காட்டுக் கிரெடிட்டுகளைப் பற்றிச் சேர்ந்து எழுதியதைப் படித்ததோடு நிறுத்திவிட்டேன். அவர்கள் ஆராய்ந்த கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காகிதம் என்றார்கள். சான்று கொடுத்த வெர்ரா நிறுவனம் அந்தக் கணக்கு முறையே தவறு என்று மறுத்தது. அதே வருடம் ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் 6 நாடுகளின் 26 காட்டுத் திட்டங்களைப் பற்றிய ஆய்வு வந்தது. எதிர்பார்க்கப்பட்ட கிரெடிட்டில் நூற்றுக்கு ஆறுதான் உண்மையான குறைப்பு என்றது.

நூல்கண்டு, உங்களுக்கு உடனே தேவைப்படுகிற செய்தி ஒன்று. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் போட்டது. 2026 செப்டம்பர் 27 முதல், ஆஃப்செட் வாங்கியதை வைத்து ஒரு பொருளைக் 'கார்பன் சமன் செய்தது' என்று நுகர்வோரிடம் விளம்பரப்படுத்தக் கூடாது. உங்கள் ஜெர்மனிக்காரர் அந்தச் சான்றிதழை வாங்கிப் பனியனில் டேக்காகத் தொங்கவிட முடியாது. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?

நூல்கண்டு (திருப்பூர்)

கேட்கவே இல்லை. படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது. இரண்டு பெட்டி இருக்கிறது. முதலாவது, 'சொந்த இடத்தில் குறைக்க என்ன திட்டம்?' இரண்டாவது, 'அதற்கு மேல் ஏதாவது பங்களிப்பு உண்டா?' ஏஜென்சிக்காரர் இரண்டாவது பெட்டியை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார், நாங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரியப்பாவிடம் சொன்னேன். 'ரெண்டாவது பொட்டி 22 ஆயிரம், மொத பொட்டி 4 லட்சம். எந்தப் பொட்டிய மொதல்ல தொறப்ப?' என்கிறார்.

கொதிகலன் (திருப்பூர்)

சாயப்பட்டறையைச் சேர்க்காமல் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். உங்கள் துணியின் பாவமெல்லாம் எங்களிடம்தான் இருக்கிறது.

ஒரு சங்கடத்தைச் சொல்கிறேன். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் பட்டறைகளை மூடினார்கள். சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகாது என்று ஆன பிறகுதான் திறக்க முடிந்தது. நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் செய்தவர்களுக்கும் அது நியாயம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் அந்த நீரை ஆர்ஓ-வில் அழுத்தி, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுக்கிறதற்குத் தின்கிற கரண்டையும் நீராவியையும் பார்த்தால் தலை சுற்றும். ஆறு சுத்தமானதற்கு வானம் கொஞ்சம் அழுக்கானது. ஊருக்கு நல்லதும் உலகத்துக்கு நல்லதும் எப்போதும் ஒரே வண்டியில் போகும் என்று நினைக்காதீர்கள்.

இரண்டாவது சங்கடம் இன்னும் வேடிக்கை. எங்கள் பாய்லருக்கு விறகு, பெரும்பாலும் சீமைக்கருவேலம். ஸ்டீம் டிராப் (நீராவிக் குழாயில் தேங்கும் தண்ணீரை மட்டும் வெளியே விடும் வால்வு) நாலைந்து பழுதாகிப் புஸ் என்று ஊதிக்கொண்டிருந்தது. சரிசெய்ததில் ஒரு நாளைக்கு எத்தனையோ கட்டு விறகு மிச்சம். இதை ஒரு பையரின் (வெளிநாட்டுக் கொள்முதல்காரரின்) படிவத்தில் எழுதப் போனால், விறகுக் கார்பன் தனிப் பத்தியில், முதன்மைக் கணக்கில் பூஜ்யம் என்கிறார்கள். மரம் திரும்ப வளரும் என்பது தத்துவம். ஆக, ஏட்டுப்படி நான் ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. நூல்கண்டு, உங்கள் கரண்ட் கணக்காவது ஏட்டில் ஏறும். கொடுத்து வைத்தவர்.

தணிக்கைத்தாள் (கோவை)

கொதிகலன் சொன்ன முதல் விஷயத்தை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள்.

நூல்கண்டுக்கு ஒரு நேர்க் கேள்வி. பதினைந்து மாதத்தில் காசு திரும்பும் என்றால் இத்தனை வருடமாக ஏன் மாற்றவில்லை? அடுத்தது, சர்வோ மோட்டார் எங்கே செய்தது? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் சீனா. உள்ளூரில் சுற்றப் போகிற அந்த 4 லட்சத்தில் மெக்கானிக் கூலியும் கடைக்காரர் லாபமும் போக மிச்சம் கப்பல் ஏறிவிடும். என் திருநெல்வேலிக் காற்றாலையாவது தமிழ்நாட்டில் நிற்கிறது!

நூல்கண்டு (திருப்பூர்)

ஏன் மாற்றவில்லை என்றால், சரக்கு கப்பலேறி 90 நாள் கழித்துத்தான் எங்களுக்குப் பணம். நூலுக்கு அதற்கு முன்னாடியே கொடுக்க வேண்டும். சனிக்கிழமை சம்பளம் நிற்காது. பேங்கில் இருக்கிற கடன் லிமிட் முழுக்க நூலிலும் துணியிலும் உட்கார்ந்திருக்கிறது. பதினைந்து மாதத்தில் திரும்பும் காசாக இருந்தாலும் இன்றைக்கு எடுத்துப் போட 4 லட்சம் சும்மா இல்லை. திருப்பூரில் பாதிக் கம்பெனியின் கதை இது.

டப்பாவைப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான்.

தணிக்கைத்தாள் (கோவை)

பார்த்தீர்களா, இதைத்தான் நாங்கள் ஆவணத்தில் 'முதலீட்டுத் தடை' என்று ஆறு பக்கத்துக்கு எழுதுவோம். காசு வந்தால் நடக்கும், வராவிட்டால் நடக்காது. உங்கள் மோட்டார் மாற்றம்தான் உண்மையான ஆஃப்செட் திட்டம்! விற்க வேண்டியவர் நீங்கள், வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஜெர்மனிக்காரரிடம் சான்றிதழ் கேட்காமல் முன்பணம் கேளுங்கள்.

ராதாபுரத்தான்

இந்த ஒரு விஷயத்தில் ஐயாவும் நானும் ஒன்று.

பொருள் சீனாவிலிருந்து வருகிறது என்பதற்கு மட்டும் பதில். முதலில் வெளியே போகிற காசு போகட்டும், அப்புறம் வருடா வருடம் 3,20,000 ரூபாய் கரண்ட் பில்லாகப் போகாமல் கம்பெனியில் நிற்கிறதே, அது எங்கே சுற்றும்? கிரெடிட்டில் 22 ஆயிரம் வருடா வருடம் வெளியே போகும், பத்து வருடத்தில் 2,24,000 ரூபாய், கையில் பத்து காகிதம். சோலாரும் இதே கதைதான். ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு நாலு யூனிட் கொடுத்தால் வருடம் ஒரு டன் வருகிறது. பேனலாவது இப்போது எங்கள் பக்கம் கங்கைகொண்டானிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் செய்கிறார்கள். கட்டுகிற கம்பி, வெல்டிங், வயரிங் எல்லாம் ஐடிஐ படித்த பையன்களுக்கு வேலை. என் தங்கை மகன் அதில்தான் இருக்கிறான்.

கொசுறு (சென்னை)

கூரையில் சொந்தப் பேனல் வைத்துச் சொந்தமாக எரிக்கிற கரண்டுக்கு மின்வாரியம் நெட்வொர்க் கட்டணம் கேட்டதே, அதை எந்த அடுப்பில் போட்டு எரிப்பது? சிறுதொழில்காரர்கள் போராடிய பிறகு பாதியாகக் குறைத்தார்கள். ஊரில் போடு ஊரில் போடு என்கிறீர்கள், போட விட்டால்தானே.

அடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த 400 ரூபாய் அடுப்பைப் பற்றி யாரும் பேசவே இல்லை?

ரைன்கரை (டுசல்டார்ஃப்)

2024 ஜனவரியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் அளந்தார்கள். எடுத்துக்கொண்ட அடுப்புத் திட்டங்கள், உண்மையாகக் குறைத்ததைப் போல 9 மடங்குக்கு மேல் கிரெடிட் வாங்கியிருக்கின்றன. கொடுத்த அடுப்பை எத்தனை பேர், எத்தனை நாள் பயன்படுத்தினார்கள் என்பதை மிகைப்படுத்திச் சொன்னதும், பழைய அடுப்பும் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்ததும்தான் முக்கியக் காரணங்கள். ஆனால் ஒன்று, அடுப்பு நல்ல விஷயம். புகையில் கண் எரிந்து சமைக்கிற பெண்களுக்கு அது தேவை. அந்தத் தேவைக்கு நேராகக் காசு கொடுக்கலாம். என் விமானப் புகையைக் கழுவ அதைப் பயன்படுத்துவதுதான் உறுத்துகிறது.

மலைவேம்பு (திருவண்ணாமலை மாவட்டம்)

நீங்கள் எல்லோரும் வாங்குகிற பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். விற்றவன் ஒருவன் பேசட்டும்.

என் இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில் மலைவேம்பும் தேக்கும் வைத்திருக்கிறேன். நாலைந்து வருடம் முன்பு ஒரு நிறுவனத்தின் பையன்கள் வந்தார்கள். ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சு உயரத்தில் டேப் போட்டு அளந்து, போனில் போட்டோ எடுத்து, மரத்துக்கு நம்பர் போட்டார்கள். வருடா வருடம் மரத்துக்கு இவ்வளவு, பிறகு கிரெடிட் விற்றதில் பங்கு என்றார்கள். கைநாட்டும் கையெழுத்துமாக ஊரில் நாற்பது பேர் சேர்ந்தோம். முதல் வருடம் வந்த காசில் ஒரு மூட்டை யூரியா வாங்கினேன். இரண்டாவது வருடம் அதுவும் இல்லை. மூன்றாவது வருடம் அந்தப் பையன் நம்பருக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். என் மரத்தின் கார்பனை யார், என்ன விலைக்கு வாங்கி, எந்த விமானத்தைக் கழுவினார்களோ தெரியாது. ஒப்பந்தக் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பத்து வருடம் வெட்டக் கூடாது என்று மட்டும் புரிந்தது.

இவ்வளவு பட்டும் நான் சொல்வது வேறு. 'காசு ஊரை விட்டு வெளியே போகக் கூடாது' என்று திருப்பூர்க்காரரும் ஜெர்மனிக்காரரும் முடிவு செய்துவிட்டால், மழையை நம்பி இருக்கிற எங்கள் ஊருக்குக் காசு எங்கிருந்து வரும்? எங்கள் ஊரில் சுற்ற எங்கள் ஊரில் காசே கிடையாது. நடுவில் நிற்கிற ஆளைத்தான் நான் திட்டுகிறேன், காசு வருவதை அல்ல.

தணிக்கைத்தாள் (கோவை)

மலைவேம்பு ஐயா சொன்னதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்ல முயன்றேன், இவ்வளவு தெளிவாக வரவில்லை. இதற்கு ராதாபுரத்தான் பதில் சொல்லட்டும்.

ராதாபுரத்தான்

சொல்கிறேன். ஐயாவுக்குக் காசு போக வேண்டும், இரண்டு பேச்சில்லை. ஆனால் எந்தப் பெயரில்? 'உங்கள் மரம் நன்றாக இருக்கிறது, நிழலும் ஈரமும் எல்லோருக்கும், இந்தாருங்கள்' என்று கொடுத்தால் அது உதவி, மானியம், கூலி, என்னவோ ஒன்று. 'உங்கள் மரத்தால் நான் புகை விட்டது இல்லை என்று ஆகிவிட்டது' என்று கொடுத்தால் அது பொய். அந்தப் பொய்க்காகத்தான் டேப், நம்பர், போட்டோ, பத்து வருடம் வெட்டக் கூடாது, ஆங்கிலக் காகிதம், நடுவில் நாலு ஆள். பொய்யை எடுத்துவிட்டால் இதில் முக்கால்வாசிக்கு வேலையே இல்லை.

நூல்கண்டுக்கு என் யோசனை: மோட்டாரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரியும், உறுமுகிறதா இல்லையா என்று. எங்கள் ஊர்க் காற்றாலையில் அவருடைய 140 டன்னை அவர் எங்கே நின்று பார்ப்பார்?

தணிக்கைத்தாள் (கோவை)

கண்ணால் பார்க்க முடிவதற்கு மட்டும்தான் காசு என்றால், வேறு கண்டத்தில் இருக்கிறவருக்கு யாருமே கொடுக்க மாட்டார்கள். இதில் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளப் போவதும் இல்லை.

ஆனாலும் பழைய தொழில் புத்தி விடவில்லை. நூல்கண்டு, மோட்டாரை மாற்றுவதாக இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். மாற்றுவதற்கு முன் அந்த லைனுக்குத் தனி மீட்டர் வைத்து ஒரு மாதம் ரீடிங் எடுங்கள். எத்தனை பீஸ் தைத்தீர்கள் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். இல்லாவிட்டால் ஆர்டர் குறைந்ததால் கரண்ட் குறைந்ததா, மோட்டாரால் குறைந்ததா என்று நாளைக்கு உங்களுக்கே தெரியாது. மெக்கானிக் சொன்ன 500 யூனிட் என்பது மெக்கானிக் சொன்னதுதான்.

நூல்கண்டு (திருப்பூர்)

பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்தது இதுதான்.

ஜெர்மனிக்காரரிடம் முன்பணம் கேட்டோம். தர மாட்டார், ஆனால் அடுத்த இரண்டு ஆர்டருக்கு 90 நாளை 60 நாளாக்கித் தருவதாகச் சொல்கிறார். எங்களுக்கு அது முன்பணத்தைவிடப் பெரிது. பெரியப்பா 20 மோட்டாருக்கு மட்டும் ஒப்புக்கொண்டார், ஒரு லட்சம். 'ஒரு லைன்ல ஓடட்டும், பொம்பளைங்க கால் பழகட்டும், அப்புறம் பாக்கலாம்' என்றார். அதுவும் சரிதான், சர்வோ பெடல் மெல்ல மிதித்தாலே பாயும், பழகும்வரை பீஸ் குறையும், பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்குச் சம்பளம் குறையும். அந்த இரண்டு வாரத்துக்கு ஈடு கட்டித் தருவது என்று பேசியிருக்கிறோம். நான் முதலில் போட்ட கணக்கில் இது இல்லவே இல்லை.

முதல் பெட்டியில் 7 டன் என்று எழுதினேன். 140-க்கு 7. எழுதும்போது கை கூசத்தான் செய்தது. இரண்டாவது பெட்டியை வெறுமனே விட்டேன். ஏஜென்சிக்காரர் இன்னும் போன் அடிக்கிறார், இப்போது 130 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறார்.

தணிக்கைத்தாள் அண்ணா, மீட்டர் வைத்தாயிற்று, மோட்டார் இன்னும் பழையதுதான். நேற்று டீ பிரேக்கில் நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். பதினைந்து நிமிடம், லைனில் ஓர் ஆள் இல்லை, 1.1 யூனிட்.

கொசுறு (சென்னை)

சுவிட்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் ஒரு லட்சமும் மிச்சமாகுமே அண்ணா?

நூல்கண்டு (திருப்பூர்)

எண்பது சுவிட்ச், ஒவ்வொன்றும் டேபிளுக்கு அடியில், குனிந்து தேட வேண்டும். டீக்கு இருப்பது பதினைந்து நிமிடம். நீங்கள் வந்து ஒரு நாள் அணைத்துக் காட்டுங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.